துவர்ப்பு இறங்கும் வழி

தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் புறப்படும் முன், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்படியில் குடிக்கும் தேத்தண்ணிக்கு ஒரு தனி முறை உண்டு. பால் கிடையாது. சீனியைக் கோப்பையில் போட்டுக் கலக்குவதும் கிடையாது. இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, நாக்கில் தொட்டுத் தொட்டு, சுடச்சுட ஒவ்வொரு மிடறாக இறக்குவார்கள். கூடவே தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும். யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமானாலும் சரி, இறக்குவானை, பலாங்கொடை மலைத் தேயிலையானாலும் சரி, இந்தக் காலைச் சாப்பாடு பெரிதாக மாறுவதில்லை.

முதல் மிடறு வாய்க்குள் போனதும் கன்னத்தின் உட்புறம் லேசாகச் சுருங்கிப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பின் பின்னாலேயே குடலின் கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. இலங்கையின் சப்ரகமுவத் தோட்டத்து மனிதர்களின் உடம்புக்குள் அது செய்யும் வேலை, எந்தப் பாடப் புத்தகத்திலும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருப்பதாக நான் பார்க்கவில்லை.

துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணிப் பழகியவர்கள் நாம். ஆனால் நாக்கில் உள்ள சுவை மொட்டுகளுக்கு அதில் பெரிய பங்கில்லை. துவர்ப்பு பெரும்பாலும் தொடுவுணர்வு. எச்சில் வழுவழுப்பாக இருப்பதற்கு அதில் கரைந்திருக்கும் புரதங்கள் காரணம். தேயிலையிலும் பாக்கிலும் கொய்யாப் பிஞ்சிலும் இருக்கும் டானின் என்ற பொருளுக்குப் புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் குணம். எச்சிலின் புரதங்களை அது பிடித்துத் திரித்துவிடுகிறது. எண்ணெய் வற்றிய கீல் போல நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலைத்தான் துவர்க்கிறது என்கிறோம்.

செடி டானினை நமக்காகச் செய்து வைக்கவில்லை. இலையைத் தின்ன வரும் பூச்சியின் குடலுக்குள் போய், அதன் செரிமானப் புரதங்களைக் கட்டிப்போட்டுச் செயலிழக்க வைப்பது டானினின் வேலைகளில் ஒன்று. கொழுந்தைக் காயவைத்து நிறுத்தால் அதன் எடையில் நான்கில் ஒரு பங்குவரை இந்த வகைப் பொருள்கள்தாம். குடலுக்கு எதிராக ஒரு செடி செய்து வைத்த ஆயுதத்தைக் கொதிநீரில் இறக்கி ஆசையாகக் குடிக்கும் உயிர் நாம். அதற்கு நம் உடம்பும் ஆயத்தமாகத்தான் இருக்கிறது. காதுக்கு முன்னால் கன்னத்தில் பதிந்திருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி சுரக்கும் புரதங்களில் பெரும் பங்கு, புரோலின் நிறைந்த ஒரு வகை. டானின் மிக விரும்பி ஒட்டுவது அதனோடுதான். வாசலிலேயே டானினை மடக்கிப் பிடிக்கும் காவல் இது. ஆனால் குடிக்கும் அளவு கூடும்போது காவலைத் தாண்டி நிறையவே உள்ளே போய்விடுகிறது.

போகும் வழியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வாயிலிருந்து மலவாசல்வரை ஒரே குழாய்தான். இறந்தவர் உடலில் நீட்டி அளந்தால் ஏறத்தாழ ஒன்பது மீற்றர் வரும். உயிருள்ள உடம்பில் தசைகள் இழுத்துப் பிடித்திருப்பதால் அதைவிட நன்றாகவே குறைவு. உளுந்து வடையின் நடுத்துளை வடைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? நம் குடலின் உள்வெளியும் அப்படித்தான். விழுங்கிய ரொட்டி குடலில் கிடக்கும்வரை அது இன்னும் நம் உடம்புக்குள் வரவில்லை. அந்தச் சுவரைக் கடந்தால்தான் வந்தது.

சுவரின் அமைப்பை இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரிடம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார். மரத்துப் பட்டையும் ஒரே பொருள் அல்லவே. வெளியே காய்ந்த தோல், அதற்குள் கடினமான பட்டை, அதற்கும் உள்ளே பால் ஓடும் மெல்லிய பட்டை, கடைசியில் மரத்தை வளரச் செய்யும் படலம். அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீற்றர் தள்ளிக் கத்தியை நிறுத்துவதில்தான் கைத்திறமை இருக்கிறது. பால் குழாய்கள் மிக நெருக்கமாக இருப்பது அங்கேதான். இன்னும் ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. விடியற்காலை அரையிருட்டில், கண்ணைவிடக் கைக்கு அதிகம் தெரிந்த கணக்கு இது.

குடற்சுவரிலும் படைகள் நான்கு. உணவைத் தொட்டுக்கொண்டிருப்பது சீதமென்சவ்வு. அதன் கீழே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் ஒரு தளர்ந்த படை. அடுத்தது, உணவைப் பிசைந்து தள்ளும் தசை. எல்லாவற்றையும் போர்த்தியிருக்கும் வழுக்கும் உறை வெளியே. இந்த ஒழுங்கு உணவுக்குழாயின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பெரிதாகக் குலைவதில்லை. மாறிக்கொண்டே இருப்பது உட்புறத்து மென்சவ்வுதான். இடத்துக்கு இடம் அது உடை மாற்றுகிறது. நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு சிறு துண்டை வைத்தால், பழகிய கண் அது எந்த ஊர் என்று சொல்லிவிடும்.

வாயில் அது தடித்த உடை. கன்னத்தின் உட்புறத்தில் நாற்பது ஐம்பது அடுக்காகக் கலங்கள், மொத்தத் தடிப்பு அரை மில்லிமீற்றர். அடியில் உள்ளவை பிரிந்து பெருக, மேலே உள்ளவை தட்டையாகி உதிர்ந்து, எச்சிலோடு விழுங்கப்படுகின்றன. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முழு அடுக்கும் புதிதாகிவிடும். ஈறும் மேலண்ணமும் கடிபடும் இடங்கள், ஆகவே அங்கே நகத்தில் இருப்பது போன்ற கெரட்டின் பூச்சு உண்டு. கன்னத்துக்கு அது கிடையாது. அதனால்தான் கன்னம் அவ்வளவு மென்மை.

அந்த மென்மையான இடத்தில்தான் நம்மவர்கள் வெற்றிலையை அடக்கி வைக்கிறார்கள். அப்பாயிமார் மடியில் வெற்றிலைப் பை இல்லாமல் மலைக்கு ஏறி நான் பார்த்ததில்லை. பசியை ஆற்றும், குளிருக்கு இதமாக இருக்கும், பேச்சுத் துணைக்கும் ஆகும். அட்டையும் மழையுமாகக் கழியும் நாளில் அது கொடுக்கும் ஆறுதலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் கன்னத்துக்குள் நடப்பதையும் சொல்லாமல் விட முடியாது.

பாக்கில் அரெகொலின் என்ற பொருள் இருக்கிறது. சுண்ணாம்பு சேரும்போது அது உருமாறி, மேலடுக்கைக் கடந்து, கீழே நார் நெய்யும் கலங்களைப் போய்த் தொடுகிறது. அவை கொலாஜன் என்ற நாரை அளவுக்கு மீறி நெய்யத் தொடங்குகின்றன. பழைய நாரை அவ்வப்போது அறுத்துக் கழிப்பதற்கும் உடம்பில் ஏற்பாடு உண்டு, ஆனால் இங்கே டானின் குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிட்டார்கள் அல்லவா? மாட்டுத் தோலின் கொலாஜனோடு பட்டையின் டானின் பிணைந்து, அழுகாத பொருளாக அதை மாற்றிவிடும். பாக்கின் துவர்ப்பு உயிருள்ள கன்னத்தில் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. அறுபடாத நார் சேர்ந்துகொண்டே போக, கன்னம் வெளிறி, விறைத்து, காரம் பட்டால் எரிந்து, கடைசியில் வாய் திறப்பதே சிறுத்துப் போகிறது. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்தபோது அவர் பார்த்தது கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களை. கடல் தாண்டிய இடமெல்லாம் வெற்றிலைப் பையும் கூடவே போயிருக்கிறது.

உராய்வும் சுண்ணாம்பும் நாள்தோறும் பட்ட இடத்தில் வேறொன்றும் நடக்கும். கொழுந்து பறிக்கும் விரலில் காய்ப்பு விழுவது போல, கெரட்டின் இருக்கக் கூடாத கன்னத்தில் அது படிந்து வெள்ளைத் திட்டாகத் தெரியும். துடைத்தால் போகாது. அதில் ஒரு பகுதி பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடும். சப்ரகமுவ மாகாணத்தில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று இடங்களிலும் முப்பது வயதைத் தாண்டிய 1,029 பேரின் வாயைப் பார்த்து எழுதிய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. புற்றாக மாறக்கூடிய ஏதோவொரு மாற்றம் 11.3 சதவீதத்தினரிடம் இருந்ததாக அது கணித்தது. வெற்றிலை போடுவதே முக்கியக் காரணமாக நின்றது. புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று ஊரில் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூல், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், தனிப் பாக்கையுமே புற்றுண்டாக்கும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வாய் திறப்புச் சிறுத்திருக்கிறதா என்று அறிய, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாகச் சேர்த்து வைத்து முன்பற்களுக்கு இடையில் நுழைத்துப் பாருங்கள். சாதாரண வாய்க்குள் மூன்றும் போகும். போகவில்லையென்றாலும், வாயில் ஆறாத வெள்ளையோ சிவப்போ இருந்தாலும் பல் வைத்தியரிடம் ஒரு நடை போய்விட வேண்டும்.

தேத்தண்ணி இதற்குள் தொண்டையைத் தாண்டியிருக்கும். உணவுக்குழாய் 25 சென்ரிமீற்றர். வாயைப் போலவே அங்கும் பல அடுக்குத் தடிப்பு, ஏனென்றால் அது வழிப்போக்கர் நடந்து போகும் பாதை. உறிஞ்சும் வேலை அங்கில்லை. ஆவி பறக்கக் குடிக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை: 65 பாகைக்கு மேல் சூடான பானங்கள் இந்தக் குழாயில் புற்று வரக் காரணமாகக்கூடும் என்று அதே முகமை 2016இல் சொன்னது. குழாய் இரைப்பையைத் தொடும் இடத்தில் அந்தத் தடித்த உடை திடீரென்று முடிகிறது. தார் ரோடு முடிந்து தோட்டத்து மண் ரோடு தொடங்கும் இடம் போல ஒரு தெளிவான கோடு. அதற்குப் பின் மலவாசலை நெருங்கும்வரை எல்லாமே ஒற்றை அடுக்குக் கலங்கள்தாம்.

இரைப்பையின் ஒற்றை அடுக்கு, ஆயிரமாயிரம் குழிகளாக உள்ளே இறங்கியிருக்கிறது. குழிகளின் ஆழத்தில் அமிலம் சுரக்கும் கலங்கள். இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் செறிவாக அமிலத்தை அவை இறைக்கின்றன. தன் அமிலத்தில் இரைப்பை தானே வெந்து போகாமல் இருப்பதற்கு, ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத சீதப் படலமும், சில நாளுக்கொரு முறை தன்னையே புதுப்பித்துக்கொள்ளும் வேகமும்தான் துணை. ரொட்டி இங்கே கூழாகிறது.

அடுத்தது சிறுகுடல். என்னை எப்போதும் திகைக்க வைக்கும் இடம்.

மலைச்சரிவில் மண் வழியாமல் தேயிலை நட, குறுக்கே படிப்படியாகக் கல்லடுக்கி நிலத்தைக் கூட்டுவார்களே, குடலும் அப்படித்தான் தன் நிலத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் வட்ட வட்டமான மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பின் மேலும், நெருக்கி நட்ட செடிகள் போலச் சடைமுளைகள். ஒரு மில்லிமீற்றர் உயரம்கூட இல்லாத விரல்கள் அவை. ஒரு சதுர மில்லிமீற்றரில் பத்திலிருந்து நாற்பதுவரை நிற்கும். ஒவ்வொரு விரலையும் போர்த்திய ஒற்றை அடுக்குக் கலங்களின் உச்சியில், கலத்துக்கு ஆயிரக்கணக்கில் இன்னும் நுண்ணிய விரல்கள். விரித்தால் ஒரு டெனிஸ் மைதானம் என்று நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். 2014இல் சுவீடனைச் சேர்ந்த ஹெலாண்டர், பான்ட்ரிக்ஸ் இருவரும் நுணுக்குக்காட்டியில் மீண்டும் அளந்து, முழுக் குழாய்க்கும் சேர்த்து ஏறத்தாழ 32 சதுர மீற்றர் என்றார்கள். பட்மின்டன் மைதானத்தில் பாதி. கணக்கு சுருங்கிவிட்டதே என்று வருந்த வேண்டாம். அது நம் லயக் காம்பராக்கள் மூன்றின் அளவுக்குப் பக்கத்தில் வருகிறது. பத்தடி லயக் காம்பராக்கள் மூன்றின் தரையை மடித்து மடித்து ஒரு வயிற்றுக்குள் வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு வியப்பு கூடத்தான் செய்கிறது.

சடைமுளையின் நடுவில் ஒரு குழாய் ஓடுகிறது. கொழுப்பு கலந்த சாப்பாட்டுக்குப் பின் அதில் வெள்ளையாகப் பால் போல ஓடும். 1622இல் இத்தாலியில் கஸ்பாரோ அசெல்லி, தீனி தின்ற நாயின் வயிற்றைத் திறந்தபோது இந்த வெண்ணிற இழைகளைப் பார்த்தார். நரம்பு என்று எண்ணி ஒன்றை அறுக்க, பால் வழிந்தது. அன்றிலிருந்து அவற்றுக்குப் பால் நாளம் என்று பெயர். இறப்பர்ப் பட்டையிலும் பால், குடலின் பட்டையிலும் பால்!

சிறுகுடலின் முதல் 25 சென்ரிமீற்றரான முன்சிறுகுடலில்தான் இரும்புச்சத்தின் வாசல் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடம்பு முழுவதிலும் 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. ஒரு நாளில் உள்ளே வருவது 1 முதல் 2 மில்லிகிராம். மிஞ்சிய இரும்பை வெளியேற்றும் வழி உடம்புக்குத் தெரியாது, ஆகையால் கட்டுப்பாடு முழுவதும் இந்த வாசலில்தான். இங்கே உள்ள ஒரு கலம் இரும்பை வாங்கி உடனே இரத்தத்துக்குக் கொடுத்துவிடுவதில்லை. ஈரல் அனுப்பும் ஹெப்சிடின் என்ற தூதைப் பார்த்துக் கொடுக்கும். போதும் என்று செய்தி வந்தால் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அந்தக் கலத்தின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து நாள். அடிக்குழியில் பிறந்து, சடைமுளையின் சரிவில் ஏறி, உச்சியில் உதிரும்போது வைத்திருந்த இரும்போடு சேர்ந்தே போகிறது. திங்கட்கிழமை ரொட்டியை வாங்கிய கலம் வெள்ளிக்கிழமை அங்கே இல்லை.

இப்போது துவர்ப்புக்கு வருவோம். துருப்பிடித்த ஆணி ஒன்றை மிச்சத் தேத்தண்ணியில் இரவெல்லாம் போட்டு வையுங்கள். காலையில் மை போலக் கறுத்திருக்கும். வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுப்பதும் இதனால்தான். டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டால் விடாது. ரொட்டியிலும் கீரையிலும் பருப்பிலும் இருந்து வெளிவந்த இரும்பை, முன்சிறுகுடலின் வாசலில் வைத்தே டானின் கட்டிப்போடுகிறது. கட்டுண்ட இரும்பைக் கலத்தால் வாங்க முடியாது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தவர்களை வைத்துச் செய்த சோதனைகளில், தாவர உணவின் இரும்பு உள்ளே போகும் அளவு பாதிக்கும் கீழே விழுந்திருக்கிறது. கருவாட்டிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி வேறு வழியாக நுழைவதால் அதற்கு இவ்வளவு தடையில்லை. சம்பலில் பிழியும் தேசிக்காய்ப் புளியும் இரும்பின் பக்கம்தான்.

வாசலில் வருவது குறைகிறது என்றால், உள்ளே இருப்பதை எடுத்துப் போக ஒருவன் வந்து உட்கார்ந்திருந்த காலமும் உண்டு. கொக்கிப் புழு. ஒரு சென்ரிமீற்றர் நீளம், நூல் தடிப்பு. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும் இரத்தினபுரிப் பக்கத்து நிழல் மண் அதன் குஞ்சுகளுக்குத் தொட்டில். அது எப்படி உடம்புக்குள் வருகிறது என்பது 1898இல் ஒரு தற்செயலால் தெரிந்தது. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர், குஞ்சுகள் கலந்த நீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். தோல் அரித்துச் சிவந்தது. பின்னர் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டை இருந்தது. வெறுங்காலோடு மண்ணில் நிற்பவரின் தோலைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து மூச்சுக்குழாய் ஏறி, தொண்டையில் விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடலை அடைகிறது அது.

அங்கே அது செய்வது பால் வெட்டு. சடைமுளையை வாய்க்குள் இழுத்து, வெட்டுத் தகடுகளால் சீவுகிறது. இறப்பர் மரத்தில் வெட்டிய சில மணி நேரத்தில் பால் உறைந்து ஓட்டம் நின்றுவிடும். அடுத்த முறை அந்த ஒட்டுப்பாலை உரித்துவிட்டுத்தான் மீண்டும் வெட்ட வேண்டும். வாளிப் பால் உறையாமலிருக்க அமோனியா ஊற்றுவார்கள். புழுவும் உறைதலைத் தடுக்கும் சொந்தச் சரக்கை வெட்டுவாயில் விடுகிறது. இடம் மாறிப் போன பிறகும் பழைய காயம் கசிந்துகொண்டிருக்கும். நம் பக்கத்து வகைப் புழு ஒன்று நாளொன்றுக்கு எடுப்பது 0.03 மில்லிலீற்றர் இரத்தம். சொட்டுக்கூட இல்லை. நூறு புழு என்றால் 3 மில்லிலீற்றர், அதில் இரும்பு ஒன்றரை மில்லிகிராம். ஒரு நாளில் வாசலால் வரும் மொத்த இரும்பும் அவ்வளவுதானே! ஒரு பகுதி குடலின் கீழ்ப்புறத்தில் மீட்கப்பட்டாலும் மிச்சம் போனது போனதுதான். மேடு ஏற மூச்சு வாங்கி, கண்ணின் கீழிமை வெளுத்து நின்றவர்களை அந்நாளில் சோம்பேறி என்று ஏசியவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்கவில்லை. என் முன்னோரை நினைத்தால் இது ஒன்றுதான் எனக்கு ஆறாத வலி.

1916இல் அமெரிக்காவின் றொக்கபெல்லர் நிறுவனத்துச் சுகாதார வாரியம் இலங்கையில் கொக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியபோது தோட்டங்களே முதற்களம். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. மலசலகூடம் இல்லாத இடத்தில் மண் மீண்டும் முட்டையால் நிறைந்தது, புழு மீண்டும் ஏறியது. கூடம் கட்டச் செலவழிக்கத் தோட்ட நிர்வாகங்கள் தயங்கின. இந்த இழுபறி நெடுங்காலம் நீண்டது. 1992இல் தோட்டத்துச் சிறுவர்களையும் பெண்களையும் பார்த்தபோதுகூட, வட்டப் புழு, கொக்கிப் புழு என்று ஏதாவதொன்று 90 சதவீதத்துக்கும் மேலானோரின் குடலில் இருந்தது. 1994 முதல் 2005வரை ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். அதை நிறுத்தி நான்கு ஆண்டு கழித்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது 29 சதவீதம். அதிலும் பெரும்பாலும் வட்டப் புழு.

மீண்டும் துவர்ப்பின் வழிக்கு வருவோம். பெருங்குடலுக்கு எஞ்சிய தேத்தண்ணி போய்ச் சேரும்போது அங்கே சடைமுளை கிடையாது, தண்ணீரை இழுத்துக்கொள்ளும் வழவழப்பான சுவர்தான். துவர்ப்பின் மிச்சத்தை அங்கே வாழும் நுண்ணுயிர்கள் உடைத்துத் தின்றுவிடுகின்றன.

சிறுகுடலில் பட்ட காயத்தின் கதைதான் மிச்சம். பூச்சி மருந்துக் குளிசை ஒன்றைப் போட்டால் கொக்கிப் புழு பிடியை விடுகிறது. வெட்டுப்பட்ட இறப்பர்ப் பட்டை மறுபடி வெட்டும் அளவுக்கு வளர ஆண்டுக்கணக்காகும். குடல் ஐந்தாறு நாளில் தன் சுவரை மூடிக்கொண்டுவிடும். இரத்தம் அப்படியல்ல. இழந்த இரும்பு முழுவதும் முன்சிறுகுடலின் அந்தச் சின்ன வாசலால்தான் திரும்ப வர வேண்டும். கிளினிக்கில் இரும்புக் குளிசையை மாதக்கணக்கில் கொடுப்பது அதற்காகத்தான். கொடுக்கும்போது மருத்துவிச்சி, தேத்தண்ணியோடு போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார். விடியக் கருக்கலில் தேத்தண்ணி இல்லாமல் ரொட்டி தொண்டையில் இறங்குமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. சுடுதண்ணியோடு ரொட்டியை முடித்துவிட்டு, பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுபோகும் தேத்தண்ணியைப் பத்து மணிக்கு மலையில் கூடையை இறக்கி வைத்துக் குடிக்கலாம். அதற்குள் ரொட்டியின் பெரும் பகுதி அந்த வாசலைத் தாண்டியிருக்கும்.